அயடீன் ஒன்று, அணு இரண்டு



என் கழுத்தில் வந்த சிறு கட்டி, தைரொயிட் எனப்படும் கேடயச் சுரப்பியில் உண்டான புற்றுநோய் என்று தெரியவந்தது. சத்திரசிகிச்சை செய்து சுரப்பியை அகற்றினார்கள். "இனிக் கதிர் வீசும் அயடீன் குளிசை தரவேண்டும். சில நாட்கள் தனியறையில் இருக்கவேண்டும்" என்றார் வைத்தியர்.

கதிர்வீச்சு என்றதும் எனக்கு அணுகுண்டுதான் நினைவுக்கு வந்தது. குண்டுகளுக்குப் பயந்து பதுங்குகுழியில் கிடந்து, ஊர் ஊராய் இடம்பெயர்ந்து தப்பியவள் நான். அயல்வீட்டு அக்கா வேறு, "பிள்ளையைக் கிட்ட எடுக்காதை, உனக்கு வந்தது அதுக்கும் தொத்திப்போடும்" என்றார். மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரவெல்லாம் அழுதேன்.

என் பயத்தைப் போக்கியவர் விடுதியில் இருந்த தாதி ஒருவர். "மிஸ், கறிக்குப் போடுற உப்பிலையும் அயடீன்தானே இருக்கு? அது நல்லதெண்டால் இது மட்டும் ஏன் கதிர் வீசுது?" என்று கேட்டேன். அவர் அருகில் இருந்து விளக்கினார்.

அணுவின் நடுவில் கரு இருக்கிறது. கருவுக்குள் புரோத்தன், நியூத்திரன் என இரு வகைத் துணிக்கைகள் உள்ளன. புரோத்தன்களின் எண்ணிக்கை, அணுவின் அடையாள அட்டை இலக்கம் போன்றது. 53 புரோத்தன் இருந்தால் அது அயடீன்தான். நியூத்திரன்களோ தலையில் சுமக்கும் மூட்டை போன்றவை. ஆள் ஒன்றாயினும் சுமை வேறுபடலாம்.

உப்பிலுள்ள அயடீனில் 74 நியூத்திரன்கள். 53உடன் கூட்டினால் 127. குளிசையிலுள்ளதில் 78. கூட்டினால் 131. இப்படி ஒரே மூலகத்தில் நியூத்திரன் எண்ணிக்கையால் வேறுபடும் அணுக்களே சமதானிகள். ஆவர்த்தன அட்டவணையில் ஒரே இடத்தில் நிற்பதால் இந்தப் பெயர். கிரேக்க மொழியில் 'ஒரே இடம்' எனப் பொருள்படும் 'ஐசோடோப்' என்ற சொல்லை, 1913இல் பிரெடெரிக் சொடி என்ற விஞ்ஞானிக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டொட் என்ற பெண் வைத்தியர் என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன்.

அயடீன் 127இன் கரு உறுதியானது, மாறாது. 131இன் கருவோ சமநிலையற்றது. அதில் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறும்போது கதிர் வெளிப்படும். அணுவும் செனன் என்ற வேறு மூலகமாகிவிடும். 8 நாட்களில் பாதி இவ்வாறு மாறிவிடும். 16 நாட்களில் கால்வாசியே மிஞ்சும். 80 நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான்.

ஆனால் கேடயச் சுரப்பிக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டிலும் இலத்திரன்கள் 53 என்பதால் இரசாயனக் குணமும் ஒன்றே. எந்த அயடீன் வந்தாலும் இழுத்துக்கொள்ளும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, அயடீன் 131 பால் வழியாகப் பிள்ளைகளின் சுரப்பிக்குள் சென்றது. பிற்காலத்தில் பலருக்குப் புற்றுநோய் வந்தது.

அதே இயல்பைத்தான் வைத்தியர்கள் சிகிச்சைக்குப் பயன்படுத்துகிறார்கள். குளிசைக்கு முன் இரு வாரம் அயடீன் உப்பும் கடலுணவும் வேண்டாம் என்றார்கள். அயடீனுக்குப் பசித்திருந்த கலங்கள் குளிசையை உறிஞ்சும். அதிலிருந்து வரும் பீற்றாக் கதிர் ஓரிரு மில்லிமீற்றர் தூரமே செல்வதால், எஞ்சிய புற்றுநோய்க் கலங்களை அங்கேயே அழிக்கும். காமாக் கதிர் உடலுக்கு வெளியேயும் வரும். மருந்தின் மிச்சம் சிறுநீரிலும் வியர்வையிலும் போகும். தனியறை அதற்காகத்தான். புற்றுநோய் தொற்றுவதில்லை.

வீடு திரும்பிய பின்னும் வைத்தியர் சொன்ன நாள்வரை மகளைத் தள்ளியே வைத்திருந்தேன். அவள் கலண்டரில் நாள்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசி நாளை வெட்டியதும் ஓடிவந்து மடியில் ஏறினாள். அயல்வீட்டு அக்காவுக்கும் தாதி சொன்னதை விளங்கப்படுத்தினேன். அன்று மாலை தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

சகோதரிகளே, கழுத்தில் கட்டி தென்பட்டால் மறைக்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் குளிசை கொடுப்பதில்லை. எனவே கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, பாலூட்டினாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும் என்பதையும் கேட்டறியுங்கள். விளங்காததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நான் கேட்டதால்தான் பயமின்றி அந்தக் குளிசையை விழுங்கினேன்.