ரிப்போர்ட் நார்மல், ரத்தம் நிற்கவில்லை

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு இரவு. பிரசவம் முடிந்து ஒன்றரை லிட்டர் ரத்தம் போய்விட்ட பெண்ணின் ரிப்போர்ட்டை வாங்கிவர லேபுக்கு ஓடினேன். பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் அளவுக்குள் இருந்தன. ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 210 மில்லிகிராம். பக்கத்தில் அச்சிட்டிருந்த அளவு 200 முதல் 400. "எல்லாம் நார்மல் மேடம்" என்றேன் நிம்மதியாக. சீஃப் தாளைப் பார்த்தார். "யாருக்கு நார்மல்? உனக்கு நார்மல். அவளுக்கு இல்லப்பா. அதுவும் இது ஒரு மணி நேரத்துக்கு முந்தின ரத்தம்" என்று சொல்லி, உடனே கிரையோபிரெசிபிடேட்டுக்கு ஆள் அனுப்பினார். அந்தப் பெண் பிழைத்தார். எனக்கு விஷயம் புரிய மேலும் சில வருஷம் ஆனது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது. நஞ்சு பிரிந்ததும் அந்தக் குழாய்கள் மூடியாக வேண்டும். கருப்பை சுருங்கி அவற்றை நெரிக்கிறது, உறைகட்டி அடைக்கிறது. இதற்காக உடம்பு முன்கூட்டியே சேமித்து வைக்கிறது. நிறைமாதத்தில் ஃபைப்ரினோஜன் 400 முதல் 600 வரை இருக்கும். அப்படியானால் 210 என்பது பாதிச் சரக்கு தீர்ந்துபோன நிலை!

சரி, பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? பால் உறைய எவ்வளவு நேரம் எடுத்ததுன்னுதான் அவை சொல்லும். தயிர் கெட்டியா, தண்ணியா என்று சொல்லாது. கர்ப்பத்தில் உறைதல் காரணிகள் பலவும் கூடியிருப்பதால், நிறைய ரத்தம் போன பிறகுதான் இந்த நேரங்கள் நீளும். ஃபைப்ரினோஜன் அதற்கு முன்பே இறங்கிவிடும்.

2007இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் ரத்தப்போக்குள்ள 128 பெண்களைப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே 200 அல்லது அதற்குக் கீழே இருந்த எல்லோருக்கும் போக்கு கடுமையானது. காரணத்தையும் சேர்த்துப் பார்க்கணும். கருப்பை தளர்ந்ததால் வரும் போக்கில் அளவு மெதுவாக இறங்கும். நஞ்சு முன்கூட்டியே பிரிந்திருந்தால், வெளியே கொஞ்சம் ரத்தம் தெரியும்போதே சரிந்திருக்கும்.

அப்ப பிளாஸ்மா ஏத்தினா போதாதா? தானம் கொடுத்தவரின் பிளாஸ்மாவில் இருப்பதும் ஏறக்குறைய 200தானே. 210 உள்ளவருக்கு அதை ஏற்றினால் அளவு உயராது. 350 உள்ளவருக்கு ஏற்றினால் நீர்த்துத்தான் போகும். செறிவாகத் தருவது கிரையோ அல்லது ஃபைப்ரினோஜன் மருந்து. அதையும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. கார்டிஃப் குழு தலைமையில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், 200க்கு மேல் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பெரிய பலன் தெரியவில்லை. வேல்ஸ் நாட்டுப் பிரசவ அறைகளில் இப்போது ரோட்டெம் கருவியை வைத்து, உறைகட்டி எவ்வளவு கெட்டி என்பதைச் சுமார் 10 நிமிடத்தில் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

கருவி இல்லாத இடத்தில்? பாம்புக்கடிக்குக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்க்கிறோமே, அந்த வகைச் சோதனை இங்கேயும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, கைக்குள் மூடிச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். 4 நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும், பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை. 7 நிமிடமாகியும் உறையவில்லை, அல்லது உறைந்தது எளிதில் உடைகிறது என்றால் உறைதலில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், உறைதலைத் தூண்டுவது கண்ணாடிதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. எந்தச் சோதனைக்காகவும் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. ட்ரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பிரசவமான 3 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முதல் ரிப்போர்ட் வந்ததும் அடுத்த மாதிரியை அனுப்பிவிட வேண்டும். ஒற்றை எண்ணைவிட இறங்குமுகம்தான் நிறையச் சொல்லும்.

இப்பவும் லேபர் வார்டு ரிப்போர்ட் கைக்கு வந்தால், பக்கத்தில் அச்சிட்ட நார்மல் அளவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.