அடைபட்டது ஓரிடம், வாடுவது வேறிடம்

பக்கவாதம் வந்தவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் உறவினர்கள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “மனசு விட்டுட்டார்.” கையும் காலும் கொஞ்சம் அசைய ஆரம்பித்திருக்கும். பிசியோதெரபிக்கு ஆள் வந்துபோவார். ஆனால் நோயாளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பேரக்குழந்தை கூப்பிட்டாலும் கண் திறப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வருகிறது. சில வீடுகளில் இதற்கு ‘வீம்பு’ என்று பெயர், சில வீடுகளில் ‘சோம்பல்’. கனிவான வீடுகளில், “ஓடியாடின மனுஷன் ஒரே நாளில் படுத்துட்டா யாருக்குத்தான் கவலை இருக்காது?” என்பார்கள்.

கனிவானவர்கள் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி மூளைக்குள் இருக்கிறது.

1977-இல் அமெரிக்க மனநல மருத்துவர் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்தார்கள். ஒருபுறம் பக்கவாத நோயாளிகள் 20 பேர், மறுபுறம் எலும்பு மருத்துவப் பிரிவு நோயாளிகள் 10 பேர். எழுந்து நடக்கவும் தன் வேலையைத் தானே செய்துகொள்ளவும் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு சிரமப்பட்டார்கள். முடங்கிப்போன வருத்தம் மட்டுமே காரணம் என்றால் மனச்சோர்வும் இரு பக்கமும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை, பக்கவாதம் வந்தவர்களிடம் அது அதிகமாக இருந்தது. முப்பது பேரை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்ட ஆய்வு.

பிற்பாடு பெரிய எண்ணிக்கைகளும் வந்தன. டென்மார்க்கின் மருத்துவப் பதிவேடுகளில் 2001 முதல் 2011 வரை பக்கவாதம் கண்ட 1,35,417 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், இரண்டே ஆண்டுகளுக்குள் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு கண்டிருந்தது. பக்கவாதம் வராத மக்களிடையே அதே காலத்தில் அது 8 சதவீதத்தையும் எட்டவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது தொடங்கியது முதல் மூன்று மாதங்களுக்குள். உடற்பயிற்சிக்குக் கைகால் நன்றாக இணங்கிவரும் காலமும் ஏறத்தாழ அதே மாதங்கள்தான். கை மீளக்கூடிய நேரத்தில் மனம் படுத்துவிடுவதுதான் இந்த நோயின் கொடுமை.

சரி, மூளையில் எந்த இடம் கெட்டால் மனம் சோர்கிறது? அமெரிக்காவின் ராபர்ட் ராபின்சன் 1980-களில் ஒரு விடை சொன்னார்: இடப்பக்க முன்மூளையில் அடி விழுந்தவர்களுக்கே மனச்சோர்வு அதிகம். கேட்கத் தெளிவாக இருந்த விடை என்பதால் பல ஆண்டுகள் அது நிலைத்தது. 2000-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு மறு ஆய்வு, அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, அடிபட்ட பக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை என்றது. வலப்பக்க அடைப்பு கொண்டவரும் மனம் சோர்ந்தார். மூளையின் பின்பகுதியில் அடி வாங்கியவரும் சோர்ந்தார். இடத்தைத் தேடியவர்கள் முட்டுச்சந்தில் நின்றார்கள்.

வெளியே வர உதவியது ஒரு பழைய சிந்தனை. மூளையின் ஓரிடத்தில் விழும் அடி, அதனோடு நரம்பிழைகளால் கட்டுண்ட தொலைதூரப் பகுதியையும் செயலிழக்கச் செய்யும் என்று சூரிச் நகரின் நரம்பியல் மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் மொனாக்கோ 1914-இலேயே எழுதியிருந்தார். காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மதகு பழுதானது மேலே எங்கோ; பயிர் வாடுவது கடைமடையில். கடைமடையில் நின்று மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ஒரு பழுதும் தெரியாது. இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு: வாய்க்காலில் நீர் ஒரு திசையில்தான் ஓடும், மூளையில் தகவல் இரு திசையிலும் ஓடும். கட்டுப்படுத்தும் பகுதி தளர்ந்தால் மற்றொன்று அளவுக்கு மீறித் துடிப்பதும் உண்டு.

மொனாக்கோ காலத்தில் அந்த வாய்க்கால்களை உயிருள்ள மனிதரிடம் பார்க்க வழியில்லை. மூளையின் வேலைக்கேற்ப ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை எம்ஆர்ஐ கருவியால் பிடிக்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டினார். 1995-இல் பாரத் பிஸ்வால் இன்னொன்றைக் கண்டார். ஆள் கருவிக்குள் எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதும், கையசைவுக்கான இடப்பக்க, வலப்பக்கப் பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன. அடிக்கடி சேர்ந்து வேலை செய்கிற பகுதிகள் ஓய்விலும் சேர்ந்தே மூச்சுவிடுகின்றன என்று சொல்லலாம். இந்த ஒத்த தாளத்தைத்தான் ‘செயல் இணைப்பு’ என்கிறார்கள். நாம் வேறு வேலை இல்லாமல் நம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது விழித்திருக்கும் ஒரு வலைப்பின்னலுக்கு மார்கஸ் ரெய்க்லின் குழு 2001-இல் பெயர் சூட்டியது. ‘இயல்புநிலை வலைப்பின்னல்’ என்று தமிழில் சொல்லலாம்.

பக்கவாதத்துக்குப் பின் மனம் சோர்ந்தவர்களிடம் மாற்றம் காணப்பட்ட வலைப்பின்னல்களில் இதுவும் ஒன்று. போனதையே திரும்பத் திரும்ப எண்ணிக் குமையும் மனத்துக்கும் இந்த வலைப்பின்னலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. உணர்ச்சியை எழுப்பும் ஆழ்பகுதிகளுக்கும் அதை அடக்கி ஆளும் முன்மூளைக்கும் இடையிலான இணைப்புகளிலும் மாற்றம் தெரிகிறது. ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஒன்று இணைப்பு தளர்ந்தது என்கிறது, இன்னொன்று இறுகியது என்கிறது. நோயாளிகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறைவு. ஒரு பொறியும் உண்டு: இந்தக் கருவி நரம்பை நேரே பார்ப்பதில்லை, ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. பக்கவாதமோ ரத்த ஓட்டத்தின் நோய். அடைப்புள்ள பக்கத்துக்கு ரத்தம் சில வினாடி தாமதமாக வந்தாலே இணைப்பு அறுந்ததுபோல் படத்தில் தோன்றிவிடும். எனவே “மனச்சோர்வை ஸ்கேனில் பார்த்துச் சொல்கிறோம்” என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு தனி மனிதருக்கு அப்படிச் சொல்லும் நிலையை இந்த அறிவியல் இன்னும் எட்டவில்லை.

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது 2019-இல் வெளியான ஓர் ஆய்வு. பக்கவாதம், மூளை ரத்தக்கசிவு, மண்டையைத் துளைத்த காயம் என்று மூளையில் அடிபட்ட 461 பேரின் படங்களை ஜெயா பத்மநாபனும் மைக்கேல் ஃபாக்ஸும் அவர்களுடைய குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வு வந்தவர்களின் அடிகள் மூளையெங்கும் சிதறிக் கிடந்தன. பொதுவான ஓர் இடம் கிடைக்கவில்லை. பிறகு அந்த அடிகளை, ஆரோக்கியமானவர்களின் படங்களிலிருந்து வரைந்த ஓர் இணைப்பு வரைபடத்தின் மேல் வைத்தார்கள். சிதறிக் கிடந்தவை ஒரே சுற்றுக்குள் வந்து விழுந்தன. அதன் நடுவே இருந்தது நெற்றியின் இடப்பக்கத்துக்குப் பின்னால், சற்று மேலே, வெளிப்புறமாக அமைந்த முன்மூளைப் பகுதி. ராபின்சன் சுட்டிய திசை முற்றிலும் தவறல்ல போலும். அடி அங்கேயே விழ வேண்டியதில்லை, அந்த இடத்தோடு பேசிக்கொண்டிருந்த எங்காவது விழுந்தால் போதும். சாதாரண மனச்சோர்வுக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2008-இல் அனுமதி தந்தபோது குறிவைத்த இடமும் அதே பகுதிதான்.

மருந்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 3,127 பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2018-இல் முடிவு வெளியான ‘ஃபோகஸ்’ ஆய்வில், ஃப்ளூவோக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை ஒரு பாதியினருக்கும் வெற்று மாத்திரையை மறு பாதியினருக்கும் ஆறு மாதம் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 17 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைந்தார்கள். ஆனால் எலும்பு முறிவு ஏறக்குறைய இரு மடங்கானது, உடல் மீட்சியில் முன்னேற்றமில்லை. ஆகவே வராத நோய்க்கு எல்லோருக்கும் மாத்திரை தருவது சரியல்ல. வந்துவிட்ட மனச்சோர்வுக்கு மருந்தும் பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு; அதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

கேட்பதற்கு ஸ்கேன் தேவையில்லை. கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்தாற்போல் இருக்கிறதா? மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் இவ்வளவுதான், வீட்டில் நாமும் கேட்கலாம். “நான் போய்ச் சேர்ந்தால் தேவலை” என்ற பேச்சு வந்தால் அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்கக் கூடாது. இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416 இரவிலும் எடுக்கப்படும்.

ஆனால் இடப்பக்க மூளையில் அடி வாங்கிய பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. அவர்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது? ஆய்வாளர்களும் இந்தச் சிக்கலுக்கு அஞ்சிப் பல ஆய்வுகளில் பேச்சிழந்தவர்களைச் சேர்ப்பதே இல்லை. இடப்பக்கச் சுற்றைப் பற்றி இவ்வளவு பேசும் ஒரு துறையில், அந்தப் பக்கமே அடிபட்டவர்களில் பலர் கணக்கில் வராமல் போவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1990-களில் இதற்கென ஒரு வினாப்பட்டியல் உருவானது. அதில் நோயாளியை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, உடனிருப்பவரைக் கேட்கிறார்கள்: இந்த வாரம் அவர் அழுதாரா, இரவில் புரண்டுகொண்டே இருந்தாரா, நீங்கள் பேசும்போது கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தாரா, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாரா? இதற்கெல்லாம் பதில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோதான் தெரியும்.