கல்மரம்னா என்ன?

குட்டீஸ், 'கல்மரம்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டீர்களா? சரி, பொருள் என்ன? கல்லின் மேல் வளர்ந்த மரமா? கல் போல உறுதியான மரமா?

அகராதியைத் தேடி ஓட வேண்டாம். அடுத்த வரிகளைப் படியுங்கள்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. கடலில் அடித்து வரப்பட்ட மரம் மண்ணில் புதைந்தது. அதற்குள் தாதுக்கள் மெல்ல மெல்லப் படிந்து, மரம் கல்லாகிவிட்டது. 1940-ல் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைப் பற்றி முதலில் தெரிவித்தார்.

இப்போது பொருள் தெரிந்துவிட்டதே! சொல்லிக் கொடுத்தது யார்? பக்கத்தில் இருந்த வரிகள்தான்.

'சாத்தனூர்' என்றதும் அணை நினைவுக்கு வந்ததா? அது திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தால், எந்த ஊர் என்று முன்பின் வரிகள்தான் சொல்லும்.

ஊகம் மட்டும் போதுமா?

போதாது! ஒரு பலகையில் பறவைப் படம். எழுத்தைப் பார்க்காமல் 'வேடந்தாங்கல்' என்று சொல்லிவிட்டால்? அங்கே எழுதியிருப்பது 'கரைவெட்டி'யாக இருக்கலாம். அதுவும் பறவைகள் சரணாலயம்தான், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே, முதலில் எழுத்து. பிறகு, படித்தது பொருந்துகிறதா என்ற சோதனை.

பெரியவர்களும் படித்தார்கள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, அவர்கள் தினமும் பேசும் சொற்களிலிருந்தே எழுத்துகளைக் கற்றுக் கொடுத்தார்கள். நிலம் யாருடையது என்று காட்டும் 'பட்டா' அப்படி ஒரு சொல். பொருள் முன்பே தெரிந்ததால், எழுத்தும் மனதில் பதிந்தது. பட்டாவில் தங்கள் பெயரைத் தாங்களே படிப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

நீங்களும் வாத்தியார்தான்!

உங்கள் தம்பி, தங்கை படிக்கும்போது ஒரு சொல்லில் திணறினால், உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள். வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள். "இது பொருந்துதா?" என்று கேளுங்கள்.

இதைக் கொடுத்துப் பாருங்கள்: 'மாடிப்படியில் உட்கார்ந்து படி. பாட்டி ஒரு படி சோளம் அளந்து தருவார்.'

மூன்று 'படி'க்கும் பொருள் சொல்லிவிட்டால், உங்கள் மாணவர் பாஸ்!