மலை ஏறினால் காது ஏன் அடைக்கிறது?

வத்தலக்குண்டைத் தாண்டிப் பேருந்து மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காது ஏன் அடைக்குது? சிப்ஸ் பாக்கெட் ஏன் உப்பிப்போச்சு? மேலே போனா சூரியன் கிட்ட வரணுமே, அப்புறம் ஏன் குளிருது? கொடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரியவர்களுக்கும் ஒரு கேள்வி வரும்: பருப்பு ஏன் வேக மாட்டேன் என்கிறது? கேள்விகள் பல. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை விடை ஒன்றுதான்: மேலே போகப் போகக் காற்று குறைகிறது.

காற்றுக்கு எடை உண்டு. நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று அடுக்கியிருக்கிறது. கீழே இருப்பவர்கள் மேல் அதன் சுமை முழுவதும் இறங்குகிறது. வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும், அதாவது நம் விரல் நகம் அளவுள்ள இடத்தின் மீது, சுமார் ஒரு கிலோ காற்று அழுத்துகிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அதே அளவுள்ள இடத்தின் மீது அழுத்துவது சுமார் 800 கிராம். மலைப்பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் போவதற்குள், நம் மேலிருந்த காற்றுச் சுமையில் ஐந்தில் ஒரு பங்கை இறக்கிவைத்துவிடுகிறோம். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான்: வெளியிலிருந்து அழுத்தும் சுமை குறைந்ததும் உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காது ஏன் அடைக்கிறது?

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதற்கு நடுக்காது என்று பெயர். அங்கிருந்து தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. அதை யூஸ்டேசியன் குழாய் என்பார்கள். இந்தக் குழாய் பெரும்பாலும் மூடியே இருக்கும். மலை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று பழைய அழுத்தத்திலேயே இருந்து செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இறுகிப்போன செவிப்பறை சரியாக அதிராததால் ஒலி மங்கிக் கேட்கிறது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ குழாய் ஒரு கணம் திறக்கும். இரு பக்கமும் அழுத்தம் சமமாகி, 'டப்' என்று காது விட்டுவிடும்.

ஏறும்போது இருப்பதைவிட இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும். ஏறும்போது உள்காற்று வெளியே வரத் துடிப்பதால் குழாய் எளிதில் திறக்கிறது. இறங்கும்போது வெளி அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளுவதோடு குழாயின் வாயையும் நெருக்குகிறது. சளி பிடித்திருந்தால் குழாய் வீங்கியிருக்கும். வலி இன்னும் கூடும். அதனால் இறங்கும் வழியில் பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் கொடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்குவதுதான் மருந்து.

வாந்தி வருவதும் இதனால்தானா?

இல்லை, இதில் காற்றுக்குப் பங்கில்லை. இது உட்காதின் வேலை. நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம், சாய்கிறோம் என்பதை உட்காதில் இருக்கும் திரவம் நிறைந்த வளையங்கள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது காது 'சுழல்கிறோம்' என்கிறது. கைபேசியையோ முன் இருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாத குழப்பத்தில்தான் வயிற்றைப் புரட்டுகிறது. ஓட்டுநருக்கு இந்தத் தொல்லை வருவது அரிது. அவர் கண் பாதையிலேயே இருக்கிறது. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். நீங்களும் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, எதிரே தூரத்தில் தெரியும் சாலையைப் பாருங்கள். கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

சூரியனுக்குப் பக்கத்தில் போயும் ஏன் குளிர்கிறது?

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதில் இரண்டு கிலோமீட்டர் கிட்டப் போனால் எந்த மாற்றமும் தெரியாது. குளிருக்குக் காரணம் காற்று சூடாகும் விதம். சூரிய ஒளி காற்றைப் பெரிதாகச் சூடாக்காமல் ஊடுருவி வந்து தரையைச் சூடாக்குகிறது; தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள்; நெருக்கினால் காற்று சூடாகும், விரிந்தால் குளிரும்.

இப்படி ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கணக்குப் போட்டால், அடிவாரத்தில் 35 டிகிரி இருக்கும் நாளில் கொடைக்கானலில் 23 டிகிரி அளவில் இருக்க வேண்டும். மலை உச்சியிலும் தரை இருக்கிறதே, அது காற்றைச் சூடாக்காதா என்று கேட்கலாம். சூடாக்கும்தான். ஆனால் நான்கு பக்கமும் திறந்த வெளியிலிருந்து குளிர்ந்த காற்று வீசி அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடுகிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே பள்ளம் பார்த்து இறங்கும். அதனால்தான் ஏரியை ஒட்டிய புல்வெளிகளிலும் பிரையண்ட் பூங்காவிலும் விடிகாலையில் வெள்ளை வெள்ளையாக உறைபனி தெரிகிறது.

மதியத்துக்கு மேல் மேகம் எங்கிருந்து வருகிறது?

அதே விதிதான். வெயில் ஏற ஏற, சமவெளியிலிருந்தும் சரிவுகளிலிருந்தும் ஈரக்காற்று மலையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஏறும்போது விரிந்து குளிர்கிறது. அதிலிருக்கும் நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. பள்ளத்தாக்கை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நம் முகத்தில் மோதும் மூடுபனி, கீழே பெரியகுளத்திலிருந்து பார்ப்பவருக்கு மலைமேல் தங்கிய மேகம்.

அதே கோக்கர்ஸ் வாக்கில், சூரியன் தாழ்வாக முதுகுப்பக்கம் இருந்து, எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி நிறைந்திருந்தால் ஓர் அதிசயம் வாய்க்கும். உங்கள் நிழல் பனித்திரையில் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வரும் காட்சி இது. பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். ஒவ்வொருவரும் காண்பது தத்தம் ஒளிவட்டத்தை மட்டுமே.

பருப்பு ஏன் வேக மாட்டேன் என்கிறது?

அடுப்பங்கரைக் குளிர் இதற்குக் காரணமில்லை. தண்ணீர் கொதிப்பதென்றால், அதன் நீராவி மேலிருந்து அழுத்தும் காற்றை எதிர்த்துக் குமிழியாகக் கிளம்ப வேண்டும். அழுத்தும் காற்று குறைந்தால் குறைந்த சூட்டிலேயே அது கிளம்பிவிடும். கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதித்தாலும் சூடு அவ்வளவுதான். தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஏறாது. எனவே திறந்த பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் உருளைக்கிழங்கும் வேக நேரம் பிடிக்கிறது. குக்கர் நீராவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் கொதிநிலை 115 டிகிரிக்கு மேல் போகிறது. மலைக்குக் குக்கர் அவசியம். ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

குளிரும் ஊரில் முகம் ஏன் கறுத்துப்போகிறது?

சூரிய ஒளியில் வரும் புற ஊதாக் கதிர்களில் ஒரு பங்கைக் காற்று தடுக்கிறது. மேலே காற்று குறைவு என்பதால் தடுப்பும் குறைவு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் இக்கதிர்கள் சுமார் பத்து சதவீதம் கூடுகின்றன. உடம்பு குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. மெல்லிய மேகத்தையும் இக்கதிர்கள் ஊடுருவும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு, கேரட் வயல்களில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும் தொப்பி தேவை.

மேகம் சூழும் ஊரில் சூரியனை எப்படி ஆராய்கிறார்கள்?

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமா என்று அப்போது அறிஞர்கள் தேட ஆரம்பித்தார்கள். சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் உயரமான இடம் தேவைப்பட்டது. வானியலாளர் மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் ஆய்வு செய்த பிறகு கொடைக்கானல் தேர்வானது. சென்னையிலிருந்த வானாய்வு 1899இல் இங்கே மாற்றப்பட்டது.

ஆய்வகம் நிற்கும் இடம் 2,343 மீட்டர் உயரம். சமவெளியின் புழுதியும் புகையும் பெரும்பகுதி அதற்குக் கீழேயே தங்கிவிடுகின்றன. தரை சூடாகிக் காற்று கலங்குவதற்கு முன், காலை வேளையில் சூரியன் தெளிவாகத் தெரியும். அப்படிப் பார்த்துத்தான் 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே பாடப் புத்தகங்களில் இருக்கிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் இந்த ஆய்வகத்தில் இருக்கின்றன. ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் இங்கே உள்ள அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது. அது தேவையான தடை; அதனால் தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாக, வீட்டிலிருந்து காலியான, மெல்லிய தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்துப் போங்கள். ஊர் திரும்பும் நாளில் மலைமேல் வைத்து அதைத் திறந்து, இறுக மூடிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். வத்தலக்குண்டு வருவதற்குள் பாட்டிலின் வயிறு ஒட்டிப்போயிருக்கும். உள்ளே இருப்பது கொடைக்கானல் காற்று, வெளியே இருந்து நெருக்குவது சமவெளிக் காற்று என்று சொல்லுங்கள். காற்றுக்கு எடை உண்டு என்பதைப் பிள்ளை அதற்குப் பிறகு மறக்காது.