ஆளுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு?

கோயம்புத்தூரிலிருக்கும் சித்தப்பா மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். லேமினேட் செய்த அட்டை. இராமேஸ்வரத்தில் காட்டப்போகும் பதினைந்து இடங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அடியில், ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. "அண்ணா, நாங்க ரெண்டு பேரு, அத்தை, குழந்தைக ரெண்டு. இந்தப் பேக்கேஜ் கட்டுபடியாகுமா?"

நான் இராமநாதபுரத்துக்காரன். பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். அக்னி தீர்த்தம், இராமர் பாதம், கோதண்டராமர் கோயில், கலாம் நினைவிடம், அரிச்சல்முனை, பாம்பன் பாலம். இவற்றில் எதற்குமே நுழைவுச் சீட்டு கிடையாது. இராமர் தீர்த்தமும் லெட்சுமண தீர்த்தமும் பக்கம் பக்கமாக இருப்பவை. அட்டையில் அவை இரண்டு இடங்கள். அங்கிருந்து பொடிநடையில் போனால் வரும் 'மிதக்கும் கல்' மூன்றாவது இடம். தொட்டியில் மிதப்பது பவளப்பாறைக் கல்தான், ஆனால் அதற்கும் ஓர் எண் போட்டுவிட்டார்கள். ஆக, அந்தத் தொகை முழுக்க வண்டிக் கூலி. இடங்கள் எல்லாம் இலவசம்.

எங்கள் அப்பா காலத்தில் இந்தக் கணக்குக்கே வேலை இல்லை. 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறக்கும் வரை, தீவுக்குள் போக ரயில்தான். பஸ் மண்டபத்தோடு நின்றுவிடும். ரயிலடியில் இறங்கினால் ஜட்கா வண்டி நிற்கும். வடக்கேயிருந்து வருகிறவர்களைப் பண்டாக்கள் என்னும் யாத்திரைப் புரோகிதர்கள் அழைத்துப் போவார்கள். தாத்தா எந்த வருஷம் வந்தார், கூட யார் வந்தார்கள் என்று பேரேட்டைப் புரட்டிச் சொல்லி, தங்க இடம், சாப்பாடு, தீர்த்தமாடல், சங்கல்பம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பேக்கேஜ் என்ற சொல் ஊருக்குள் வருமுன்பே அந்த ஏற்பாடு இங்கே இருந்தது.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். போட் மெயில் என்று இன்றும் ஊரில் சொல்வது அதைத்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அதற்குப் போன தண்டவாளத்தையும் கொண்டுபோய்விட்டது.

நான் முதன்முதலில் தனுஷ்கோடி பார்த்தது மணல் வேனில். முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அங்கே துருப்பிடித்த பழைய வேன்கள் நிற்கும். கதவு இருக்காது, இருந்தாலும் கயிற்றால் கட்டியிருக்கும். வண்டி நிறைகிற வரை டிரைவர் நகரமாட்டார். ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம். பிறகு கடல் தண்ணீரில் இறங்கியும் மணலில் ஏறியும் குலுங்கிக்கொண்டே போனது. இடிந்த தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மீனவப் பெண் மணலைக் கையால் தோண்டிய குழியிலிருந்து சிரட்டையில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். நாலெட்டு வைத்தால் கடல். குழியில் ஊறிய தண்ணீரோ இளநீர் மாதிரி இருந்தது. அன்றைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டது நியாயம். அந்த வண்டியை விட்டால் வேறு வழி இல்லை, கடல்தண்ணீரில் ஓடும் வண்டி எத்தனை வருஷம் உழைக்கும்?

2017இல் எல்லாம் மாறியது. ஜூலை 27 அன்று பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலையும் அந்தச் சமயத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. மணல் வேனுக்கு அந்தப் பாதையில் வேலை போயிற்று. இப்போது கார், ஆட்டோ, பைக், அரசு டவுன் பஸ் எல்லாமே இருபுறமும் கடல் பார்த்துக்கொண்டு போகின்றன. போக வழி ஒன்றே ஒன்றுதான் என்றிருந்தபோது பிறந்த விலைமுறை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மணல் வேன் ஆளுக்கு வாங்கியது, இன்றைய அட்டையும் ஆளுக்கு வாங்குகிறது. ஆட்டோவோ காரோ மடியில் ஒரு குழந்தை கூடுதலாக உட்கார்ந்தால் அதிகமாக டீசல் குடிக்காது. குடும்பத்தோடு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

பாரிசில் இருக்கும் நண்பன் ஒருவன் உறவினர் வந்தால் பெரியவர்களுக்கு மட்டும்தான் மியூசியம் பாஸ் வாங்குவான். பதினெட்டு வயதுக்குக் கீழே லூவ்ருக்கு இலவசம் என்பது அவனுக்குத் தெரியும். நம் ஊருக்கும் அதே கணக்கைப் போடலாம். தமிழ்நாட்டு அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை சீட்டு இல்லை, பன்னிரண்டு வரை அரைச் சீட்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. சித்தப்பா மகள் குடும்பத்தில் பிறகு காசு கொடுக்க மிஞ்சுவது அவள் கணவரின் முழுச் சீட்டும் மூத்த பையனின் அரைச் சீட்டும்தான்.

காசை மட்டும் பார்த்தால் போதாது. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆட ஆளுக்கு 25 ரூபாய் சீட்டு. வாளி வாளியாகத் தலையில் கொட்டுவார்கள். பிள்ளைகள் ஐந்தாவது கிணற்றில் சிரிப்பார்கள், பதினைந்தாவதில் பல் தந்தியடிக்கும். ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள், உடை மாற்ற வேண்டும். தரிசனம் முடித்து இட்லி தின்று முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். பேக்கேஜ் வண்டி உங்களை ஏற்றிக்கொண்டு அரிச்சல்முனையில் இறக்குவது உச்சிவெயிலில். அங்கே மரம் கிடையாது. "இருபது நிமிஷத்தில வந்திருங்க சார்" என்பார் டிரைவர். பதினைந்து இடத்தையும் அவர் முடித்தாக வேண்டுமே. அதே தீவின் குந்துகாலில், விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய கரை அமைதியாகக் கிடக்கிறது. நான் பார்த்த அட்டை எதிலும் அது இல்லை.

வண்டி எடுப்பதே தப்பு என்று சொல்லவரவில்லை. தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை மூன்றும் இராமநாதபுரத்திலிருந்து ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. முழங்கால் வலிக்கிற அத்தையை வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி அங்கெல்லாம் போக முடியாது. அதற்கு ஒரு நாள் கார் பேசுவதுதான் சரி. தீவுக்குள்ளோ, அரை நாள் ஆட்டோ போதும், அதையும் வண்டிக்கு எவ்வளவு என்று பேச வேண்டும். பாம்பன் பாலத்துக்குத் தனியாகக் காசு தர வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும் அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியும், இராமேஸ்வரம் வருகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே தெரியும்.

இதையெல்லாம் அவளுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். முதல் நாள் கோயில், மாலை இராமர் பாதம். மறுநாள் விடிந்ததும் பிள்ளைகள் விழித்தவுடன் தனுஷ்கோடி பஸ். அத்தைக்கு ஒரு குடை.

வண்டிதான் பேசப்போகிறீர்கள் என்றால், ஏறுவதற்கு முன் டிரைவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தனுஷ்கோடி என்று அட்டையில் போட்டிருப்பது இடிந்த தேவாலயம் வரையா, அரிச்சல்முனை வரையா? நடுவில் நாலரை கிலோமீட்டர் இருக்கிறது.