குடம்புளியில் ஏறிய கறுப்பு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் சாலைக் கடைத்தெருவில், மளிகைக் கடை வாசல்களில் குடம்புளி விற்பனைக்கு இருக்கும். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் விரல் லேசாகப் பிசுபிசுக்கும். கன்னங்கரேலென்று தோல்போல மடங்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளிப்புக்கு முந்திக்கொண்டு புகை வாடை வரும். மரத்தில் பழுக்கும்போது அதன் நிறம் மஞ்சள். ஆனால் பழம் உதிர்வது மழைக்காலத்தில். வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது. அதனால் தோட்டைப் பிளந்து, விறகடுப்புக்கு மேலே உள்ள பரணில் பரப்பி, நாள்கணக்கில் புகையில் உலர்த்துவது வழக்கம். பூஞ்சை அண்டாமல் அது மாதக்கணக்கில் கெடாதிருப்பதில் அந்தப் புகைக்கும் பங்கு உண்டு.

பரணுக்குக் கீழே, அதே புகையில், ஒரு பெண் நின்று சமைத்துக்கொண்டிருந்தாள். புளிக்கு ஏறிய கறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அவளுடைய நுரையீரலுக்குள் போனதை அளந்து பார்க்க அறிவியலுக்கு வெகுகாலம் பிடித்தது.

சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். இந்தத் தெருவிலேயே கடை நடத்தி, இதன் மனிதர்களைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர் ஆ. மாதவன். இந்தத் தெரு தொடங்கும், பஸ்ஸும் ஆட்டோவும் லாரியும் நெருக்கும் கிழக்கேகோட்டையில் நடப்பவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். வீடு வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிடுகிறார்கள். காற்று மாசு என்றால் அது தெருவில் இருப்பது என்று நாம் அவ்வளவு உறுதியாக நம்புகிறோம். ஆனால் நாளின் பெரும்பகுதியை நாம் கழிப்பது கூரைக்குக் கீழேதான்.

புகை என்று நாம் சொல்வதில் வாயுக்களோடு ஏராளமான நுண்துகள்களும் இருக்கின்றன. எரிந்தும் எரியாமலும் போன கரி, அதன்மேல் படிந்த தார் போன்ற பொருட்கள், உப்புகள். விறகுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைந்தவையும் சேர்ந்த கூட்டத்தைத்தான் பிஎம் 2.5 என்று செய்திகளில் படிக்கிறோம்.

இவ்வளவு சிறியதாக இருப்பதால் வரும் விளைவு வியப்பானது. மூன்று மீட்டர் உயரமுள்ள ஓர் அறையில் காற்று துளியும் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். 100 மைக்ரான் அளவுள்ள தூசு ஒன்று கூரையிலிருந்து தரைக்கு வரப் பன்னிரண்டு விநாடி போதும். 10 மைக்ரான் துகளுக்குக் கால்மணி நேரம் ஆகும். இரண்டரை மைக்ரானுக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல். ஒரு மைக்ரான் துகள் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும். மைக்ரானில் பத்தில் ஒரு பங்குள்ள துகளோ ஒரு மாதத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். நிஜ வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது, ஆட்கள் நடக்கிறார்கள். ஆகவே இத்துகள்கள் தானாக இறங்கித் தரையில் படியும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஒன்று, ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். அல்லது எதன்மீதாவது ஒட்ட வேண்டும். சுவர், துணி, குடம்புளி, நுரையீரல் எதுவானாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

உடல் இவற்றை எதிர்கொள்ளும் விதமும் துகளின் அளவைப் பொறுத்தே அமைகிறது. பெரிய துகள் மூக்கின் வளைவில் திரும்ப முடியாமல் மோதி, சளியில் சிக்கிக்கொள்ளும், தும்மிவிடுவோம். மிக மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தாறுமாறாக அலைந்து சுவரில் போய் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, மூன்றில் ஒரு மைக்ரான் அளவிலுள்ளவை மோதவும் மாட்டா, அதிகம் அலையவும் மாட்டா. காற்றோடு உள்ளே போய், பெரும்பகுதி காற்றோடு வெளியே வந்துவிடும். நல்லதுதானே என்று தோன்றும். எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த ஆறுதல் நிற்காது. மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குள்ள துகள்களாகக் கணக்கிட்டால், ஒரே மைக்ரோகிராம் புகையில் இருபது கோடிக்கும் மேல் துகள்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 500 மைக்ரோகிராம் புகை நிற்கும் அடுக்களையில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஐந்தாறு கோடி உள்ளே போகும். அதில் சிறு பங்கு தங்கினாலும் போதும். காற்றுச் சிற்றறைகளில் இருக்கும் விழுங்கு செல்கள் கரித்துகளை உண்ணும். செரிக்க மட்டும் முடியாது. இப்படியே ஆண்டுக்கணக்கில் போனால் மூச்சுக்குழல் அடைப்பு நோய், இதயநோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கு வழி திறக்கிறது. அடுப்புப் புகை முதலான வீட்டுக் காற்று மாசால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

வீட்டுப் புகையை ஆராயும் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் இழுக்கும் காற்றை அவர்கள் உடலிலேயே கருவி பொருத்தி அளந்த குழுவில் இருந்தவர். மாசு எங்கே அதிகம் என்று தேடுவதைவிட, மூச்சு எங்கே நடக்கிறது என்று தேட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன கருத்து. வெளியில் வெளியாகும் ஒரு கிராம் மாசைவிட, வீட்டுக்குள் வெளியாகும் ஒரு கிராம் யாராவது ஒருவருடைய நுரையீரலைச் சென்றடையும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

சாலைக் கடைத்தெருக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரிய, பெண்கள் பொங்கலிடும் ஆற்றுகால் கோயில் பொங்காலை நாள் ஒன்று போதும். மாசி மாதத்தில் அந்த ஒரு நாள் நகரமே அடுக்களையாகிவிடும். கடைத்தெருவின் இரு ஓரமும் செங்கல் கூட்டிய அடுப்புகள். காய்ந்த தென்னோலைச் சூட்டும் தென்னம்பாளைக் கொதும்பும் எரியும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸில் பதிவாகியிருக்கிறது. கண் எரியும், தொண்டை கமறும், தெருவே புகைமூட்டமாகும். அன்று பொங்கலிட்டவர்களுக்கு அந்தப் புகை தீங்கில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மேலே திறந்த வானம் இருக்கிறது, கடற்காற்று அடிக்கிறது, மாலைக்குள் பெரும்பகுதி கலைந்துவிடும். அதே பெண் மறுநாள் காலையில் ஒரே ஒரு அடுப்பை, ஒரே ஒரு ஜன்னலுள்ள அடுக்களையில் மூட்டும்போது அந்தப் புகைக்குப் போக இடமில்லை. அதற்கு விழாவும் இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. ஆண்டு முழுக்க நடக்கிறது.

அந்த அன்றாடக் கணக்கைத் தமிழ்நாட்டில் எடுத்தவர்கள் சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள். கல்பனா பாலகிருஷ்ணனும் உடனிருந்தவர்களும் நான்கு மாவட்டங்களில் நானூறுக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளில் அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். சிறு பம்பு ஒன்று காற்றை ஒரு வடிதாள் வழியாக இழுக்கும். போடுவதற்கு முன்னும் எடுத்த பின்னும் அந்தத் தாளை மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் நிறுப்பார்கள். கூடிய எடைதான் துகள்.

விறகோ சாணமோ எரியும் வீடுகளில், சமைக்கும் நேரத்தில் கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை காட்டியது. நாள் முழுவதும் சராசரி எடுத்தால், சமைத்தவர்களுக்கு 231. அதே மாதிரி வீடுகளில் சமைக்காதவர்களுக்கு 90. எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீடுகளில் 82, அங்கே சமைத்தவருக்கும் மற்றவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விறகு எரியும் வீட்டில் ஒரே கூரை, ஒரே குழம்பு. சுவாசித்த காற்று மட்டும் வேறு. நம் நாட்டில் குடும்பத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை இவ்வளவு நேராக எடைபோட்டுக் காட்டிய எண்கள் வேறு அதிகம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு புகை உள்ளே போகிறது என்பதை நாமே கணக்கிட்டும் பார்க்கலாம். ஒருவர் மணிக்கு சுமார் அரை கனமீட்டர் காற்றை இழுக்கிறார். 500 மைக்ரோகிராம் நிற்கும் அடுக்களையில் மூன்று மணி நேரம் நின்றால் 750 மைக்ரோகிராம் உள்ளே போகும். பிஎம் 2.5-க்கான இந்திய ஆண்டுச் சராசரி வரம்பான 40 மைக்ரோகிராம் உள்ள காற்றை இருபத்துநாலு மணி நேரமும் சுவாசித்தாலும் 480தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி வெறும் 5 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புகையை வெளியேற்றும் அடுப்பு புதிய யோசனை இல்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு வடிவமைத்த புகையில்லா அடுப்பு 1950களிலேயே புத்தகமாக விளக்கப்பட்டது. கேரளத்தில் 1962-இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980களில் ‘பரிஷத் அடுப்பு’ என்ற பெயரில் புகைபோக்கி வைத்த சிக்கன அடுப்பை வீடுவீடாகக் கொண்டுபோனது. அறிவியல் இயக்கம் ஒன்று அடுக்களைக்குள் நுழைந்து கையில் மண்ணும் செங்கல்லும் எடுத்தது பெரிய காரியம். ஆனால் புகைபோக்கி புகையை இடம்தான் மாற்றுகிறது. தமிழ்நாட்டு ஆய்விலும் அண்டை வீட்டு அடுப்புப் புகை ஆராயப்பட்ட காரணிகளில் ஒன்று. சாலைக் கடைத்தெருவைப் போல வீடும் கடையும் ஒட்டியொட்டி நிற்கும் இடத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கி இன்னொரு வீட்டின் ஜன்னலுக்கு நேரே இருக்கும். எரிபொருளே மாறினால்தான் முழுத் தீர்வு.

அது மாறிக்கொண்டும் இருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 83 விழுக்காடு வீடுகளும் கேரளத்தில் 72 விழுக்காடு வீடுகளும் தூய எரிபொருளில் சமைத்தன. படிப்பிலும் சுகாதாரத்திலும் முந்தி நிற்கும் கேரளம் இதில் பின்தங்கியதற்குத் தென்னைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. மட்டையும் ஓலையும் சிரட்டையும் முற்றத்தில் தானாக விழும்போது யார்தான் காசு கொடுத்து சிலிண்டர் மட்டும் எரிப்பார்கள்? எரிவாயு உள்ள வீடுகளிலும் பின்கட்டில் ஒரு விறகடுப்பு இருக்கும். மட்டா அரிசிச் சோறும் குளிக்க வெந்நீரும் அதில்தான்.

எரிவாயுவால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு அண்மையில் ஓர் அடி விழுந்தது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் சேர்ந்த ஆய்வில் 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். விறகடுப்பிலேயே சமைத்த மற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம், இவர்கள் சுவாசித்தது 24. ஆனால் 2022-இல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னர் வந்த முடிவில் குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறையவில்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டதற்கு அந்த ஆய்வாளர்களை மதிக்கிறேன். கர்ப்பத்தின் நடுவில் அடுப்பை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்ற எளிய கணக்கு இதில் உடைந்தது. சமைப்பவரின் மூச்சுக்குள் போகும் துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது மட்டும் அப்படியே நிற்கிறது.

எரிவாயு வீட்டிலும் துகள் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சோதனை வீட்டில் விருந்துச் சமையல் செய்து அளந்தபோது நுண்துகள் 200 மைக்ரோகிராமைத் தாண்டியது. நம் வீட்டில் வற்றல் மிளகாய் தாளிக்கும் நொடியில் கூடத்தில் இருப்பவர் இருமுகிறாரே, சட்டியிலிருந்து கிளம்பிய எண்ணெய்த் துளிகள் அங்கே போய்விட்டன என்பதற்கு அதைவிடத் துல்லியமான கருவி வேண்டாம். சாம்பிராணியும் ஊதுபத்தியும் பூஜையறையில் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் என் கவலை அதிகம் படுக்கையறையைப் பற்றியது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவு நுண்துகளை வெளிவிடும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கொசு வராமல் இருக்க ஜன்னலையும் சாத்திவிட்டு, குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றிவைக்கிறோம். கொசுவலை அந்த வேலையைத் துகளே இல்லாமல் செய்யும்.

அடுக்களையில் புகையுறிஞ்சி விசிறி இருந்தால் தாளிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அடுப்பை அணைத்த கையோடு விசிறியையும் அணைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. துகள்கள் அப்போதும் மணிக்கணக்கில் மிதக்கும் நிலையில்தான் இருக்கின்றன. இன்னும் கால்மணி நேரம் அது சுற்றட்டும். விசிறி இல்லாத வீட்டில், தெருப்பக்கம் வண்டி நெருக்கம் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கலாம். வறுப்பதும் பொரிப்பதும் நடக்கும்போது குழந்தையை அடுக்களையில் உட்காரவைக்க வேண்டாம். பின்கட்டு விறகடுப்பைக் கைவிட முடியாதவர்கள், ஈர மட்டையை ஒதுக்கி நன்றாகக் காய்ந்ததை மட்டும் எரித்தாலே புகை கணிசமாகக் குறையும்.