சரக்கு கட்டும் சங்கிலி: எப்போது கழிப்பது?

ஆண்டாள் தேருக்கு வடம் பிடிக்கும் ஊர்க்காரர்கள் நாம். பாரம் தாங்கும் வடத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நம் கிடங்கிலிருந்து புறப்படும் லாரியில் சரக்கைக் கட்டியிருக்கும் சங்கிலி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் வணிகர்களில் பலருக்கு இல்லை. "அது லாரிக்காரர் பாடு" என்று இருந்துவிடுகிறோம்.

பருத்திப் பேல், நூல் மூட்டை, பேண்டேஜ் துணி போன்றவற்றுக்கு நல்ல கயிறும் தார்ப்பாயும் போதும். இரும்புக் கம்பி, தகடு, மில் இயந்திரம், கருங்கல் ஆகியவற்றின் கூர்மையான விளிம்பு கயிற்றை அறுத்துவிடும். அங்கே சங்கிலிதான் வேண்டும். ராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் சாலையில் புளியரையைத் தாண்டினால் மலை ஏற்றமும் வளைவும்தான். சங்கிலியின் தரம் தெரியவருவது அங்கேதான்.

லாரி திடீரென்று பிரேக் போட்டால் சரக்கின் எடையில் 80 சதவீத விசை முன்பக்கம் தள்ளும் என்றும், பக்கவாட்டில் 50 சதவீதம் தள்ளும் என்றும் வைத்துக் கட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விதி. அப்படியானால் 10 டன் சரக்கு 8 டன் விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். முன்னால் இருப்பது ஓட்டுநரும் கிளீனரும் உட்கார்ந்திருக்கும் கேபின்.

கண்ணால் பார்த்து "இன்னும் தாங்கும்" என்று சொல்வது போதாது. சரக்கு கட்டும் சங்கிலிக்கான ஐரோப்பியத் தர விதி, எப்போது கழிக்க வேண்டும் என்பதை அளவோடு சொல்கிறது. அதை நாமும் கைக்கொள்ளலாம்.

1. தேய்மானம்: ஒரு கண்ணியும் அடுத்த கண்ணியும் உரசும் உட்புறத்தில்தான் தேய்மானம் அதிகம். வெளியே பார்த்தால் தெரியாது. கண்ணியைத் தளர்த்தித் திருப்பி, அந்த இடத்தில் வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். குறுக்காக இரண்டு பக்கம் அளந்து சராசரி எடுக்கவும். புதிய அளவில் 10 சதவீதம் குறைந்தால் கழித்துவிட வேண்டும். 10 மி.மீ. சங்கிலிக்கு எல்லை 9 மி.மீ. கனத்தில் 10 சதவீதம் போனால் இரும்பின் குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

2. நீட்சி: 10 மி.மீ. குட்டைக் கண்ணிச் சங்கிலியில் ஒரு கண்ணியின் உள்நீளம் 30 மி.மீ. பத்துக் கண்ணிகளை விறைப்பாக நீட்டி, முதல் கண்ணியின் உள்விளிம்பிலிருந்து பத்தாவது கண்ணியின் மறுகோடி உள்விளிம்பு வரை அளந்தால் புதிதில் 300 மி.மீ. இருக்கும். 3 சதவீதத்துக்கு மேல் நீண்டால், அதாவது 309 மி.மீட்டரைத் தாண்டினால், அது ஆகாது. சங்கிலி வாங்கிய அன்றே அளந்து குறித்து வைப்பது நல்லது.

3. வெடிப்பும் கோணலும்: மயிரிழை வெடிப்பு, முறுக்கிக் கொண்ட கண்ணி, வளைந்த கண்ணி, ஆழமான வெட்டு இவற்றில் ஒன்று இருந்தாலும் கழிக்க வேண்டியதுதான்.

4. துரு: மேலாகப் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். தேய்த்த பின் குழி குழியாகத் தெரிந்தால் ஆகாது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்வரும் சங்கிலியை உப்புக் காற்று சீக்கிரம் தின்றுவிடும்.

5. கொக்கியும் இறுக்கியும்: கொக்கியின் வாய் விரிந்திருந்தாலும், இறுக்கியின் மரை தேய்ந்திருந்தாலும் சங்கிலி நன்றாக இருந்து பயனில்லை.

அறுந்த சங்கிலியை வெல்டிங் பட்டறையில் ஒட்டுவதும், போல்ட் போட்டு இணைப்பதும், முடிச்சுப் போடுவதும் கூடவே கூடாது. உயர்தரச் சங்கிலி சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும்.

புதிதாக வாங்கும்போது கண்ணியில் 8 அல்லது 80 என்ற தர எண் பொறித்திருக்கிறதா, தகட்டில் கட்டும் திறன் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எட்டாம் தரத்து 10 மி.மீ. சங்கிலியின் கட்டும் திறன் சுமார் 6.3 டன். தர எண் இல்லாமல் கிலோ கணக்கில் விற்கும் சாதாரணச் சங்கிலியை அதே கனம் என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.

கழித்த சங்கிலியை மூலையில் போட்டு வைக்காதீர்கள். அவசரத்துக்கு யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள். துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும்.

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் காலந்தவறாமல் முத்திரை வைக்கிறோம். அது நாணயத்துக்காக. சங்கிலியைப் பார்ப்பது உயிருக்காக. லோடு ஏற்றும்போது ஐந்து நிமிடம் கூடுதலாக நின்று பார்ப்போம். தேய்ந்த சங்கிலி என்றால், வாடகை பேசி முடித்த லாரியாக இருந்தாலும், "வேறு சங்கிலி கொண்டு வாருங்கள், பிறகு ஏற்றுவோம்" என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போனால் வியாபாரம் கெட்டுவிடாது.